பண்பாடு, பயண இதழுக்கு ஆசிரியராக வர விரும்புகிறவர்களுக்கு

இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஊர் சுற்றப் பிடிக்கும், எழுதப் பிடிக்கும். இரண்டும் நல்ல காரணங்கள்தான். ஆனால் இதழாசிரியரின் மாதத்தில் பெரும்பகுதி அடுத்தவர் போய்வந்த பயணத்தைப் படிப்பதிலும், கேள்வி கேட்பதிலும், வெட்டுவதிலும், சரிபார்ப்பதிலும் கழிகிறது. அவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நாட்கள் குறைவு.

அது சலிப்பான வேலை என்று நினைக்க வேண்டாம். நாம் அச்சிட்ட வரிகளை நம்பித்தான் ஒருவர் தன் சேமிப்பையும் வருடத்தில் கிடைக்கும் சில நாள் விடுமுறையையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அந்த ஊரில் வாழ்கிறவர்களும் வெளியுலகம் தங்களை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது அதே வரிகளிலிருந்துதான். இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். என் பார்வையில் இந்த வேலையின் மையம் அதுதான். கீழே சொல்லும் யோசனைகள் எல்லாம் அங்கிருந்து பிறந்தவை.

தமிழில் இதற்கு ஒரு நல்ல முன்னோடி ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து காட்சிகளைச் சேகரித்தவர். படம் 1940-ல் வெளிவந்தது. 1943-ல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். தான் பார்த்ததை எழுதியதோடு நிற்காமல், அடுத்தவர்கள் எழுதிவைத்த பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். பயணியும் ஆசிரியரும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

முதல் வேலை: இதழை ஆசிரியரின் கண்ணால் படிப்பது

உங்களுக்குப் பிடித்த ஓர் இதழின் கடைசி ஆறு பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரசிப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அமைப்பைப் பாருங்கள். முன்பகுதியில் நூற்றைம்பது, இருநூறு வார்த்தைச் சிறு குறிப்புகள். அடுத்து எங்கே தங்குவது, எப்படிப் போவது என்ற பயன்பாட்டுப் பக்கங்கள். நடுவில் இரண்டாயிரம் முதல் நான்காயிரம் வார்த்தை வரை ஓடும் பெரிய கட்டுரைகள். ஒருவரே தொடர்ந்து எழுதும் பத்திகள். கடைசிப் பக்கம். ஒவ்வொன்றையும் யார் எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். இதழில் வேலை பார்ப்பவர்கள் யார், வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் யார் என்பதை ஆசிரியர் குழுப் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். புதியவர்களுக்கு எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதும் அதிலேயே புலப்படும். பெரும்பாலும் அது முன்பகுதிச் சிறு குறிப்புகளாக இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு பெரிய கட்டுரைக்கும் ஒரே வரியில் பதில் எழுதுங்கள்: இதை ஏன் இந்த மாதம் போட்டார்கள்? புது ரயில் பாதையா, நூற்றாண்டு விழாவா, ஒரு கலைஞரின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்டும் கண்காட்சியா, ஏதோ ஒன்று மறையப்போகிறதா? பதில் கிடைக்காத கட்டுரைகளும் இருக்கும். அவற்றில் சில எழுத்தின் பலத்திலேயே நிற்கும். மற்றவை ஏன் நிற்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். இப்படி மூன்று இதழ்களைப் பிரித்துப் பார்த்தவர், எந்த இதழிடம் எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்திருப்பார்.

ஊர் மட்டும் கதையாகாது

ஆசிரியர் மேசைக்கு வரும் யோசனைகளில் பாதிக்கு மேல் “அந்தத் தீவைப் பற்றி எழுதட்டுமா?” என்ற வகைதான். தீவு ஓர் இடம். அங்கே யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது, என்ன மாறிக்கொண்டிருக்கிறது, அதில் யார் எதை இழக்கிறார்கள் என்று சொல்லும்போதுதான் கதை பிறக்கிறது. “தீவுக்குப் பாலம் கட்டி முடியப்போகிறது. மூன்று தலைமுறையாகப் படகு ஓட்டும் குடும்பங்கள் கடைசிப் பருவத்தை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களில் ஒருவர் பேசச் சம்மதித்திருக்கிறார்.” இதைப் படிக்கும் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

பண்பாட்டுப் பக்கங்களுக்கும் இதே விதிதான். அருங்காட்சியகத்தின் புதிய பிரிவு திறக்கிறது என்பது செய்திக் குறிப்பு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் எப்படி அங்கே வந்தது என்பது கதை. பெனின் வெண்கலச் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1897-ல் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரத்தைத் தாக்கிக் கொள்ளையடித்ததில் உலகம் முழுக்கச் சிதறியவை அவை. 2022-ல் ஜெர்மனி அவற்றில் சிலவற்றை நைஜீரியாவிடம் திருப்பி ஒப்படைத்தது. ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்து எழுதும் பயணக் கட்டுரையில் இந்த வரலாறு இல்லையென்றால், அந்தக் கட்டுரை கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

யோசனையை எழுதி அனுப்பும்போது இருநூற்றைம்பது வார்த்தைக்குள் முடியுங்கள். முதல் பத்தியில் கதை. அது கட்டுரையின் முதல் பத்தியாகவே இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் எழுத்து எப்படி இருக்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது பத்தியில், ஏன் இப்போது, ஏன் நீங்கள். அந்த மொழி தெரியுமா, அந்த ஊரில் வாழ்ந்திருக்கிறீர்களா, வேறு யாருக்கும் கிடைக்காத ஆள் உங்களிடம் பேசுவாரா? மூன்றாவதில் நடைமுறை: எத்தனை வார்த்தை, எந்தப் பகுதிக்கு, படங்கள் யார் எடுப்பது, எப்போது தர முடியும். முன்பு எழுதியவற்றில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் இணையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை மரியாதையாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இதழுக்கு மாற்றி எழுதி அனுப்புங்கள். ‘மாற்றி’ என்பது முக்கியம். அதே கடிதம் இரண்டு இதழ்களுக்குப் பொருந்துகிறது என்றால், இரண்டில் எதையும் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

எந்த வாசல் வழியாக நுழைவது?

தகவல் சரிபார்க்கும் வேலை வழியாக நுழையுங்கள் என்பேன். பிழை திருத்துவது, துணை ஆசிரியர் மேசை, ஆசிரியர் குழு உதவியாளர் என்று வேறு வாசல்களும் உண்டு. ஆனால் ஒரு கட்டுரை எதனால் ஆனது என்பதை ஆணிவேர் வரை கற்றுத்தருவது சரிபார்ப்பு மேசைதான்.

வேலை செய்யும் முறை இது. கட்டுரையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க முடிந்த ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போடுங்கள். பெயர், வயது, ஆண்டு, தூரம், உயரம், திசை, நிறம், கதவு திறக்கும் நேரம், எல்லாமே. ஒவ்வொன்றுக்கும் எதை வைத்துச் சரி என்று சொல்கிறீர்கள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள். இன்னொரு பயணக் கட்டுரை ஆதாரமாகாது. தவறுகள் ஒரு கட்டுரையிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதே அப்படித்தான். மூல ஆவணம், சம்பந்தப்பட்ட நிறுவனம், நேரில் பார்த்தவர், துறை அறிஞர், இந்த வரிசையில் தேடுங்கள். கடைசியில் தொலைபேசியை எடுத்துக் கூப்பிடுங்கள். கட்டுரையில் வரும் மனிதரிடம் அவரைப் பற்றிய தகவல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதி செய்யலாம். முழுக் கட்டுரையை அவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது.

பயணக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில இருக்கின்றன. ‘யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம்’ என்று எழுதியிருப்பார்கள். தேடிப் பார்த்தால் அது உத்தேசப் பட்டியலில்தான் இருக்கும், அதாவது அந்த நாடு பரிந்துரைக்க நினைக்கும் இடம், இன்னும் அறிவிக்கப்படவில்லை. உலக மரபுச் சின்னங்களுக்கான உடன்படிக்கை 1972-ஐச் சேர்ந்தது. நிகழ்த்துகலை, சடங்கு, கைவினை போன்றவற்றுக்கான உடன்படிக்கை 2003-ஐச் சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல்கள். ஒரு நடனத்தை ‘உலக மரபுச் சின்னம்’ என்று எழுதினால் பட்டியலே மாறிவிடும். அடுத்து, ‘உலகிலேயே மிகப் பழமையான’, ‘ஆசியாவின் மிகப் பெரிய’ போன்றவை. எந்த அளவுகோலில், யார் அளந்தது என்று கேட்டால் பெரும்பாலானவை கரைந்துவிடும். இன்னொன்று திசை. கிழக்குக் கடற்கரையில் நின்றுகொண்டு சூரியன் கடலுக்குள் மறைவதைப் பார்த்ததாக எழுதுகிறவர்கள் உண்டு. வரைபடத்தை ஒருமுறை பார்த்தாலே போதும், அந்த வரி விழுந்துவிடும்.

சரிபார்ப்புக்கும் எல்லை உண்டு என்பதற்கு 2018-ல் ஜெர்மனியின் ‘டெர் ஸ்பீகல்’ இதழில் வெளிப்பட்ட விவகாரம் பெரிய பாடம். கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற, பல விருதுகள் வாங்கிய செய்தியாளர், ஆட்களையும் காட்சிகளையும் கற்பனை செய்து எழுதிவந்தது தெரியவந்தது. அந்த இதழின் சரிபார்ப்புப் பிரிவு உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று என்று பெயர் வாங்கியது. இருந்தும் அவர் நுழைந்துவிட்டார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்குப் போய் அவர் எழுதிய கட்டுரையை அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துப் பொய்களைப் பட்டியலிட்டார்கள். ஊர் எல்லையில் மெக்சிகோக்காரர்கள் வரக் கூடாது என்று ஒரு பலகை இருப்பதாக அவர் எழுதியிருந்தார். அப்படி ஒரு பலகையே கிடையாது. அவரோடு சேர்ந்து எழுதிய ஹுவான் மொரேனோ என்ற சக செய்தியாளர் விடாமல் துருவியதால்தான் விஷயம் வெளியே வந்தது.

எனவே யாரும் தொலைபேசியில் உறுதி செய்ய முடியாத காட்சி ஒன்று, கட்டுரையின் கருத்துக்கு அப்படியே அச்சில் வார்த்ததுபோலப் பொருந்துகிறது என்றால் அங்கே நின்று கேளுங்கள். படம் இருக்கிறதா, குறிப்பேடு இருக்கிறதா, ஒலிப்பதிவு இருக்கிறதா? நேர்மையான செய்தியாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். குறிப்பேட்டை எடுத்து நீட்டுவார்.

களத்தில் குறிப்பெடுப்பது

மேசை வேலைக்குப் போகிறவரும் களத்தில் கொஞ்ச காலம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்தவரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாது.

அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் கையெழுத்து புரியும், ஆனால் அந்த வார்த்தையை எந்தத் தொனியில் சொன்னார் என்பது நினைவில் இருக்காது. அறிவிப்புப் பலகை, பெயர்ப்பலகை, டிக்கெட், கால அட்டவணை எல்லாவற்றையும் போனில் படமெடுத்துவையுங்கள். பின்னால் எழுத்துக்கூட்டலுக்கும் எண்களுக்கும் அவைதான் கைகொடுக்கும். பேசுகிறவரிடமே அவர் பெயரை எழுதித்தரச் சொல்லுங்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்காத ஒருவரிடமாவது பேசாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்: பள்ளி ஆசிரியர், செவிலியர், தபால்காரர் இப்படி யாராவது. வழிகாட்டியும் விடுதிக்காரரும் சொல்லும் ஊருக்கும் இந்தச் செவிலியரும் தபால்காரரும் சொல்லும் ஊருக்கும் இடையில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

நீங்கள் செய்தியாளர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சடங்குகள், துக்கம் நடக்கும் இடம், குழந்தைகள் என்றால் சம்மதம் வாங்காமல் எதையும் எடுக்க வேண்டாம். சம்மதம் கேட்டு மறுத்துவிட்டால், மறுத்ததோடு விட்டுவிட வேண்டும்.

கட்டுரையை எடிட் செய்வது

வேலையின் இதயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை பேனாவைத் தொடாமல் படியுங்கள். எந்த இடத்தில் கவனம் சிதறியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். முடித்ததும் கட்டுரை எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் கோளாறு வாக்கியங்களில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. அமைப்பு சரியாகும் முன்பே வாக்கியங்களைச் செதுக்க ஆரம்பித்தால், நாளை வெட்டப்போகும் பத்திக்கு இன்று மெருகு போட்டுக்கொண்டிருப்பீர்கள். எனவே முதலில் ஒரு கடிதம்: எது பிரமாதமாக இருக்கிறது, எது காணவில்லை, எதை எங்கே நகர்த்தலாம். கேள்விகளாகவே எழுதுங்கள். “இந்த மனிதர் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறார், அவரிடமிருந்தே தொடங்கினால் எப்படி இருக்கும்?” என்று கேட்டால் எழுத்தாளர் யோசிப்பார். உத்தரவு போட்டால் செய்துமுடித்துவிட்டுப் போய்விடுவார், கட்டுரைக்கு உயிர் வராது.

அடுத்துதான் வரிவரியாக எடிட் செய்வது. பயிற்சிக்காக நானே அமைத்த உதாரணம் ஒன்று. மேசைக்கு இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“அதிகாலையில் அந்தத் துறைமுக நகரம் சோம்பல் முறித்து எழுவது கண்கொள்ளாக் காட்சி. பழமையும் புதுமையும் கைகோர்க்கும் இந்த ஊரில் காலம் உறைந்து நிற்கிறது. எளிமையான மக்கள் புன்னகையோடு வரவேற்கிறார்கள்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்தத் துறைமுகத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும், அதனால் எந்தத் துறைமுகத்தையும் பற்றியதல்ல. ஓரத்தில் எழுத வேண்டிய கேள்விகள்: எத்தனை மணி? முதலில் கேட்ட சத்தம் என்ன? பழமை என்று எதைப் பார்த்தீர்கள், புதுமை என்று எதை? வரவேற்றவர் யார், அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், என்ன சொன்னார்? செய்தியாளர் குறிப்பேட்டைப் புரட்டிப் பதில் எழுதுகிறார். பத்தி இப்படி மாறுகிறது:

“ஐந்தே காலுக்கு ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிகிறது. ஏலம் எடுக்க வந்த பெண் கூடையைக் காலால் நகர்த்திக்கொண்டே, பக்கத்துத் துறைமுகத்தின் விலையைப் போனில் பார்க்கிறார். ‘நேற்று இந்நேரம் விற்று முடித்துவிட்டேன்’ என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.”

பழமையும் புதுமையும் என்று சொல்லாமலே இரண்டும் வந்துவிட்டன. புன்னகை போய்விட்டது, ஏனென்றால் சிரித்தது யார் என்று குறிப்பேட்டில் இல்லை. எளிமையான மக்கள் என்ற தொடரும் போய்விட்டது. ஒரு நாள் பார்த்துவிட்டு ஓர் ஊரையே எளிமையானவர்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. இரண்டாவது பத்தியின் ஒவ்வொரு சொல்லும் செய்தியாளரின் குறிப்பிலிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். பத்தி அழகாக வர வேண்டும் என்பதற்காக ஆசிரியர் தன் கற்பனையிலிருந்து ஐஸ் இயந்திரத்தைப் போடக் கூடாது. கேள்வி கேட்கலாம், பதில் இல்லையென்றால் அந்த வரி இல்லாமலே கட்டுரை போகட்டும்.

எடிட் செய்த பிரதியை எழுத்தாளருக்குக் கட்டாயம் காட்டுங்கள். பெயர் அவருடையது.

ஊர்ப் பெயர், ஆட்பெயர், எண்கள், ஆண்டுகளை எப்படி எழுதுவது என்பதற்கு இதழுக்கு ஒரு நடைக்கையேடு இருக்கும். இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். ஒரே நகரத்தின் பெயர் மூன்று பக்கத்தில் மூன்று விதமாக வரும் இதழை வாசகர் மற்ற விஷயங்களிலும் நம்ப மாட்டார்.

படமும் அதன் கீழே உள்ள வரியும்

1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகரபிக்’ இதழின் அட்டையில் கீசா பிரமிடுகள் வந்தன. படம் எடுத்தபோது அகலவாட்டில் இருந்தது, அட்டை உயரவாட்டில். பொருந்துவதற்காகக் கணினியில் இரண்டு பிரமிடுகளைக் கொஞ்சம் நெருக்கிவைத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் பத்திரிகை நெறி பற்றிய பாடங்களில் அந்த அட்டை பேசப்படுகிறது. ஒளியையும் நிறத்தையும் அளவோடு சரிசெய்வது வேறு, காட்சியில் இருப்பதை நகர்த்துவதும் நீக்குவதும் வேறு. இந்தக் கோட்டைப் புகைப்படக்காரரிடம் வேலை தரும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். படங்களின் மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.

புகைப்படக்காரருக்கு எழுதித்தரும் குறிப்பில் இடங்களின் பட்டியல் மட்டும் போதாது. கட்டுரை என்ன சொல்கிறது, யார் முக்கியம், எந்தப் படம் இரண்டு பக்கத்துக்கு விரியக்கூடும், நடுமடிப்பில் முகம் விழாமல் இடம் விட வேண்டும், தலைப்பு வைக்க வெற்றிடம் வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கமான கணக்கு. 21 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம் உள்ள முழுப் பக்கத்துக்கு ஏறக்குறைய 2480-க்கு 3300 பிக்சல் தேவை. போனில் அனுப்பிச் சுருங்கிப்போன படங்கள் பெரும்பாலும் இதில் பாதிகூடத் தேறாது.

படக்குறிப்பை அவசரமாகக் கடைசி நேரத்தில் எழுதுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் வாசகர் பலர் முதலில் படிப்பதே அதைத்தான். படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லாமல், தெரியாததைச் சொல்லுங்கள்: யார், எங்கே, எப்போது. ஆளின் பெயர் தெரியவில்லையென்றால் அந்தப் படம் தேவைதானா என்று யோசியுங்கள்.

இலவசப் பயணம்

சுற்றுலாத் துறைகளும் விடுதிகளும் விமான நிறுவனங்களும் செய்தியாளர்களை அழைத்துப்போவது உலகம் முழுக்க நடக்கிறது. 1987-ல் ஹரால்ட் எவன்ஸை ஆசிரியராகக் கொண்டு அமெரிக்காவில் ‘காண்டே நாஸ்ட் டிராவலர்’ தொடங்கப்பட்டபோது, பயணத்தில் உண்மை என்பதையே தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. இலவசமாகப் போவதில்லை, சாதாரண வாடிக்கையாளரைப் போலவே பணம் கட்டிப் போவோம் என்றது. எல்லா இதழ்களாலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது உண்மை. அதற்காக விதியே இல்லாமல் இருக்கக் கூடாது.

என் நிலைப்பாடு இது. முடிந்தவரை மறுத்துவிடுங்கள். ஏற்றே ஆக வேண்டும் என்றால், சாதகமாக எழுதுவதாக எந்த வாக்குறுதியும் இல்லை, எழுதுவதாகவே வாக்குறுதி இல்லை என்பதை முன்பே எழுத்தில் கொடுங்கள். பிரசுரிக்கும்போது யார் செலவில் போனோம் என்பதைக் கட்டுரையிலேயே வாசகர் கண்ணில் படும் இடத்தில் சொல்லுங்கள். பணம் வாங்கிக்கொண்டு போடும் பக்கம் விளம்பரம் என்று குறிக்கப்பட வேண்டும், எழுத்துருவும் வடிவமைப்பும் இதழின் கட்டுரைப் பக்கங்களைப்போல இருக்கக் கூடாது. விளம்பரப் பிரிவிலிருந்து “அந்த விடுதியைப் பற்றி நாலு வரி சேர்க்க முடியுமா?” என்று கேட்டு வருவார்கள். அந்த இடத்தில் முடியாது என்று சொல்வதற்குத்தான் ஆசிரியருக்குச் சம்பளம்.

நாட்காட்டி, பக்கம், பணம்

மாத இதழ் பல மாதங்கள் முன்னால் ஓடும். பனிக்கால இதழின் கட்டுரைகளைக் கோடையில் எடிட் செய்வீர்கள். பனியில் எடுக்க வேண்டிய படங்களை முந்தைய பனிக்காலத்திலேயே எடுத்திருக்க வேண்டும். எனவே ஒன்றரை ஆண்டு நீளமுள்ள நாட்காட்டி ஒன்று சுவரில் இருக்கட்டும்: விழாக்கள், நினைவு நாட்கள், திறப்புகள், பருவங்கள். தேதி மாறக்கூடிய விழாக்களைத் தனி நிறத்தில் குறியுங்கள்.

நடுவில் கம்பி அடித்த இதழின் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் கூடும், குறையும். நல்ல கட்டுரை வந்துவிட்டது என்று ஒரு பக்கத்தை மட்டும் கூட்ட முடியாது. எந்தப் பக்கத்தில் எது என்ற பக்கத் திட்டத்தை முதல் வாரத்திலிருந்தே வடிவமைப்பாளரோடு சேர்ந்து போடக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெளி எழுத்தாளருக்கு வேலை தரும்போது எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள்: வார்த்தை அளவு, தரும் தேதி, ஊதியம், எப்போது பணம் வரும், பயணச் செலவு யாருடையது, ஒரு முறை பிரசுரிக்கும் உரிமையா அல்லது முழு உரிமையா, கட்டுரையை எடுக்காமல் விட்டால் எத்தனை சதவீதம் தருவீர்கள். நீங்கள் எழுத்தாளராக இருக்கும் காலத்தில் இதே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதற்காக யோசனையைக் கைவிடும் இதழோடு வேலை செய்யாமல் இருப்பதே மேல்.

எழுதிய பிறகு ஊருக்கு என்ன ஆகிறது?

தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு சிறிய கடற்கரை. ஒரு திரைப்படத்தில் வந்து, பிறகு எண்ணற்ற பயணப் பக்கங்களில் வந்து, கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் சிதைந்தன. 2018-ல் அதை மூடினார்கள். 2022-ல் கட்டுப்பாடுகளோடு திரும்பத் திறந்தார்கள். யாருக்கும் தெரியாத சொர்க்கம் என்று தலைப்பு வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்கே வாழ்கிறவர்கள் வரச்சொல்கிறார்களா என்று செய்தியாளரைக் கேளுங்கள். சில சமயம் சரியான இடத்தைக் குறிப்பிடாமல் எழுதுவதே சரியாக இருக்கும்.

2018 ஏப்ரல் இதழுக்காக ‘நேஷனல் ஜியாகரபிக்’கின் அப்போதைய ஆசிரியர் சூசன் கோல்ட்பர்க் ஒரு காரியம் செய்தார். ஜான் எட்வின் மேசன் என்ற வரலாற்றாசிரியரை அழைத்து இதழின் பழைய பக்கங்களை ஆராயச் சொன்னார். பல பத்தாண்டுகளாக அந்த இதழ் எழுதியதில் இனவாதம் இருந்தது என்று இதழிலேயே எழுதினார். 1916-ல் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் படத்துக்குக் கீழே, மனிதர்களிலேயே அறிவில் மிகத் தாழ்ந்தவர்கள் என்று குறிப்பு போட்டிருந்ததை எடுத்துக்காட்டினார். அந்தக் காலத்தில் அந்தப் பிரதியும் யாரோ ஓர் ஆசிரியரின் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயிருக்கும்.

இதற்கு நடைமுறையில் செய்யக்கூடியது, அந்தந்த ஊர்க்காரர்களையே எழுதச் சொல்வது. ஒவ்வொரு பகுதியிலும் எழுதக்கூடியவர்கள், புகைப்படக்காரர்கள் யார் என்று பட்டியல் ஒன்றை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டு வாருங்கள். வெளியிலிருந்து ஒருவரை அனுப்பினாலும், அங்கே அவருக்கு மொழிபெயர்த்து, ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரின் பெயர் கட்டுரையில் வரட்டும், ஊதியமும் போகட்டும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது

துணை ஆசிரியர், பகுதி ஆசிரியர், பொறுப்பாசிரியர், ஆசிரியர் என்று படிகள் இருக்கும். மேலே போகப் போக எழுதுவது குறையும், ஆட்களும் வரவுசெலவும் கூடும். ஒரு பகுதியின் பொறுப்புக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டு நன்றாக நடத்திய பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிய மூன்று கட்டுரைகள் போதும். அவற்றில் ஒன்றாவது பயணம் போகாமல், நீங்கள் வாழும் ஊரிலேயே ஒரு கலைஞரையோ ஒரு தெருவையோ பற்றி எழுதியதாக இருக்கட்டும். வேறு ஒருவர் எழுதியதை நீங்கள் எடிட் செய்த பிரதி இருந்தால், அவர் அனுமதியோடு முன்னும் பின்னும் சேர்த்து அனுப்புங்கள். அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. எடிட் தேர்வு வைப்பார்கள்: தகவல் பிழைகளும் ஒழுங்கற்ற அமைப்பும் உள்ள ஒரு கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். திருத்திய பிரதியோடு, எழுத்தாளருக்கு நீங்கள் அனுப்பியிருக்கக்கூடிய கடிதத்தையும், சரிபார்க்க முடியாமல் போன தகவல்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். தேர்வு வைப்பவர் அந்தப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்.